ஆபீஸ் கிறிஸ்மஸ் பார்ட்டி ஏற்பாடு என் தலையில, நாரோயில்காரங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

கோணம் பய:

எல்லாருக்கும் வணக்கம். நாரோயில்ல, அதான் நாகர்கோவில்ல, ஒரு சின்ன கம்பெனில வேல பாக்கேன், எல்லாரையும் சேத்தா நாப்பது பேரு வரும். இதுவரைக்கும் கிறிஸ்மஸ்னா ஆபீஸ்லயே ஒரு மூலையில குடில் வச்சு, ஸ்டார் கெட்டி, மத்தியானம் கேக் வெட்டி, ஆளுக்கொரு பிரியாணி பொட்டலம் குடுத்து மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிருவாவ, யாருக்கும் ஒரு தலவலியும் கெடையாது. இந்த வருஷம் மெட்ராஸ்ல இருந்து புது மேனேஜர் வந்திருக்காரு. நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா நம்ம ஊரு சங்கதி தெரியாது. முட்டம் கடற்கரை பக்கம் ஒரு ரிசார்ட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு தொடங்கி கேக், கேம்ஸ், கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் கிஃப்ட் (சீட்டுல யாரு பேரு வருதோ அவியளுக்கு குடுக்கது), டின்னர் எல்லாம் முடிச்சு, அதுக்கு அப்பறம் "விருப்பம் உள்ளவங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு வரலாம்"னு பிளான் போட்டு, நீதான உள்ளூர்க்காரன் நீயே பாத்துக்கோன்னு என் தலையில கெட்டிட்டாரு.

குரூப்ல அறிவிப்பு போட்ட ஒடனே எல்லாரும் தம்ஸப் போட்டாவ. சாயங்காலம் ஒவ்வொருத்தரா என் சீட்டுக்கு வந்து காதுல சொல்லிட்டு போறாவ. மாலை போட்ட அண்ணன் ஒருத்தரு "நான் வரலடே, கேட்டா வயித்து வலின்னு சொல்லிரு"ங்காரு. குலசேகரத்துல இருந்து வர்ற அக்கா "பிள்ளைக்கு பரீச்சைன்னு சொல்லிக்கிடுதேன்"ங்காவ, பிள்ளைக்கு பரீச்சை போன வாரமே முடிஞ்சுன்னு எனக்கு தெரியும். சர்ச் குவயர்ல பாடுற பையன் கேரல் ரவுண்ட்ஸ் இருக்குங்கான். இப்படியே போனா நானும் மேனேஜரும் ரெண்டு பேருமா போயி கேக் வெட்டணும். மேனேஜர் மனசும் நோகப்பிடாது, இவியளும் பொய் சொல்லி ஒதுங்கப்பிடாது, என்ன செய்யலாம்? இன்னொன்னு, கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் சீட்டு எடுத்ததுல எனக்கு வந்த பேரு அதே மேனேஜருதான். அதுக்கும் ஒரு ஐடியா வேணும்.

வெட்டூர்ணிமடம் அக்கா:

தம்பி, மொதல்ல அந்த ஆறு மணிய மாத்து. மத்ததெல்லாம் அப்பறம் பேசலாம். நான் கொறே வருஷமா ஹெச்ஆர்ல இருக்கேன், ஆபீஸ் பார்ட்டில வர்ற தகராறுல பாதி நேரத்தாலதான் வருது. பகல் பன்னெண்டரைக்கு தொடங்கி நாலு மணிக்கு முடின்னு வச்சா பஸ் பிரச்சனை இல்ல, குடி பேச்சு பாதி தானா அடங்கிரும், குவயர் பையன் கேரலுக்கு போகலாம், பிள்ளைக்காரிய வீட்டுக்கு போயி சோறு பொங்கலாம். வேல நாள்ல வேல நேரத்துக்குள்ள வைக்கது தான் மரியாதை, லீவு நாளையும் ராத்திரியையும் பிடுங்கிட்டு அத சந்தோஷம்னு சொல்லப்பிடாது.

தேதியும் பாத்து வை. 24 அன்னைக்கு வச்சா ஆர்சி (கத்தோலிக்க) ஆளுக நடுராத்திரி பூசைக்கு போகணும், சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) ஆளுக வெளுப்புக்கு முன்ன எந்திரிக்கணும், வீட்ல முந்திரிக்கொத்து சுட்டுட்டு இருப்பாவ. சுசீந்திரம் மார்கழி திருவிழா எப்ப வருதுன்னும் காலண்டர்ல பாத்துக்கோ, சில வருஷம் தேரு கிறிஸ்மஸ் பக்கத்துல வந்துரும், அன்னைக்கு உள்ளூர் லீவு, பாதி பேரு ரதவீதியில நிப்பான்.

மேனேஜர்ட்ட எப்படி சொல்லதுன்னுதான கேக்க? குரூப்ல சொல்லாத, நாலு பேரு முன்னாலயும் வேண்டாம். தனியா போயி, அவரு பிளான் தப்புன்னு தொடங்காம, "சார், எல்லாரும் வரணும்னு நீங்க ஆசப்படுதீங்க, ராத்திரின்னா இருபது பேருதான் வருவாவ, மத்தியானம்னா நாப்பது பேரும் வருவாவ, எது வேணும்?"னு கேளு. யாரு யாரு உன் காதுல என்ன சொன்னாவன்னு மட்டும் வாய தொறக்காத. பேரு ஒண்ணு வெளிய வந்தா அடுத்த வருஷம் உன்ட்ட ஒருத்தரும் உண்மைய சொல்ல மாட்டாவ.

அப்பறம் அழைப்பு. குரூப்ல "யாரெல்லாம் வெஜ்? கைய தூக்குங்க"ன்னு கேக்காத. ஒவ்வொருத்தருக்கும் தனியா மெசேஜ் போடு. இப்படி எழுது: "இந்த நாள், இந்த நேரம், இந்த எடம். சாப்பாடு சைவமா அசைவமா, வேற ஏதாவது ஒழிக்கணுமான்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. வர முடியாதவங்க காரணம் சொல்ல வேண்டாம்." அந்த கடைசி வரிய மறந்துராத தம்பி, அது இருந்தா உன் அண்ணனுக்கு வயித்து வலி வராது.

நம்ம கன்னியாகுமரி ஜில்லால 2011 சென்சஸ்படி இந்து 48.65 சதவீதம், கிறிஸ்தவங்க 46.85, முஸ்லிம் 4.2. எந்த ஆபீஸ்ல நொழஞ்சாலும் ஏறக்குறைய பாதிக்கு பாதி. அதனால வெளியூரு ஆளு நெனைக்க மாதிரி "கிறிஸ்தவங்க எல்லாம் கேக்கும் ஒயினும், மத்தவங்க கெஸ்டு"ன்னு இங்க கணக்கு போட முடியாது. கிறிஸ்தவங்களுக்குள்ளயே பாரு, இரட்சணிய சேனைல உறுதி எடுத்த ஆளு சொட்டு தொட மாட்டாவ, பெந்தெகொஸ்தேல கிறிஸ்மஸே கொண்டாடாத ஆளுக உண்டு, ஆர்சில திருவருகைக் காலம்னு இறைச்சி ஒழிக்கவிய உண்டு. பேர வச்சு முடிவு பண்ணாத, கேட்டுரு.

சரணம் குமரி:

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு ரெண்டு. நான் வருஷா வருஷம் மாலை போடுற ஆளு, கிறிஸ்மஸ் பார்ட்டி எங்களுக்கு எப்பவும் விரதத்துக்குள்ளதான் வரும், ஏன்னா கார்த்திகை 1ல மாலை போட்டா மண்டல பூஜை டிசம்பர் 26, 27லதான் வருது, 41 நாளும் அதுக்குள்ள. இத யாரும் புதுசா கண்டுபிடிக்க வேண்டாம், ஆனா ஒவ்வொரு வருஷமும் ஆபீஸ்ல புதுசா கண்டுபிடிப்பாவ.

சாமிமார கூப்பிடாம விடாதீங்க. "அவரு விரதம்லா, சங்கடப்படுவாரு"ன்னு நீங்களே முடிவு பண்ணி விட்டா அதுதான் சங்கடம். கூப்பிடுங்க, வந்தா ஒரு ஓரமா எல மாத்திரம் தனியா போடுங்க. கேக்ல முட்டை இருக்கும், அதனால முட்டை இல்லாத கேக் ஒண்ணு தனியா வாங்கி, கத்தியும் தனியா வைங்க. பிரியாணி கரண்டியும் அப்படித்தான், சிக்கன் பிரியாணில போட்ட கரண்டிய வெஜ் பிரியாணில போட்டு, அப்பறம் "சாமி இது வெஜ்தான்"னு சொன்னா நான் சிரிச்சுட்டு தண்ணி குடிச்சுட்டு வந்துருவேன். சண்டையெல்லாம் போட மாட்டோம், பசியோட வீட்டுக்கு போவோம், அவ்வளவுதான். "ஒரு துண்டு சாப்ட்டா ஐயப்பன் கோச்சுக்கிட மாட்டாரு"ன்னு ஒரு ஆளு எல்லா ஆபீஸ்லயும் இருப்பான், அவன கொஞ்சம் தூரத்துல உக்கார வைங்க.

டிரஸ் கோடு போடுதீங்கன்னா செவப்பு வெள்ளைன்னு கட்டாயம் ஆக்காதீங்க. நாங்க கருப்பு, நீலம், காவிலதான் நிப்போம், செருப்பும் போட மாட்டோம், மத்தியான வெயில்ல ரிசார்ட் மணல்ல கேம்ஸ் வச்சீங்கன்னா கால் வெந்துரும் பாத்துக்கிடுங்க.

குளச்சல் காத்து:

ஒரு விசயம் யாரும் சொல்லல. பிளம் கேக்குக்கு பழத்த ரம்முலயோ பிராண்டிலயோ ஊற வைக்கவிய உண்டு, வீட்ல செஞ்சு கொண்டு வர்ற கேக்ல அது சாதாரணம், திராட்சை ஒயினும் "இது வீட்ல போட்டது, சரக்கு இல்ல"ன்னு நீட்டுவாவ. பாசமா தர்றாவ, அத நான் தப்பு சொல்லல. எங்க முஸ்லிம் ஆளுகளுக்கு ஆகாது, அவ்வளவுதான். மேசையில ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சுட்டா யாரும் யாருட்டயும் கேக்க வேண்டாம். சிக்கன் ஹலாலான்னு கேட்டரிங்காரர்ட்ட முன்னமே கேட்டுக்கோங்க, இடலாக்குடி பக்கம் சொன்னா அதுல சந்தேகமே வராது, பிரியாணியும் நல்லா இருக்கும். பீஃப் வேண்டாம். தனியா போயி சாப்டுக்கிடலாம், பொது சாப்பாட்டுல எதுக்கு.

பழைய சேல்ஸ் ஆளு:

என்ன மக்கா இது, ஒரு பார்ட்டி வைக்கதுக்கு இவ்வளவு சட்டமா. நாங்க வேலக்கு சேந்த காலத்துல டிசம்பர்னா மேனேஜர் வீட்டு மொட்ட மாடிதான், ரெண்டு பெக்கு உள்ள போனாதான் மனசு விட்டு பேசுவான், அந்த ராத்திரி ஒண்ணுலதான் டீம் டீமா ஆகும். மத்தியானம் பொட்டலம் குடுத்து அனுப்புறதுக்கு பார்ட்டின்னு பேரு எதுக்கு? விருப்பம் இல்லாதவன் எட்டு மணிக்கு போவட்டும், விருப்பம் உள்ளவன் இருக்கட்டும். இதுல யாருக்கு என்ன கஷ்டம்?

கருங்கல் பிள்ள:

அண்ணே, கஷ்டம் எங்களுக்குத்தான். "விருப்பம் உள்ளவன் இருக்கட்டும்"னு சொல்லுதீங்க, ஆனா அந்த ராத்திரி மொட்ட மாடில தான் அடுத்த புராஜெக்ட் யாருக்குன்னு பேசி முடிச்சிருவீங்க, நாங்க மறுநாள் காலையில வந்து கேட்டா "நேத்தே பேசிட்டோமே"ம்பீங்க. மனசு விட்டு பேசணும்னா மத்தியானம் டீக்கடையிலயும் பேசலாம்லா.

ராத்திரி எட்டரைக்கு மேல முட்டத்துல இருந்து கருங்கல் போறது எப்படின்னு ஆம்பளைங்க யாரும் யோசிக்கதில்ல. "நான் டிராப் பண்ணுதேன்"னு நாலு பேரு வருவாவ, அதுல ரெண்டு பேரு குடிச்சிருப்பாவ, வேண்டாம்னா திமிருன்னு பேரு, சரின்னா ஊருல வேற பேச்சு. கம்பெனி வண்டி வைக்கதா இருந்தா எங்க எறக்கி விடணும், கடைசி ஆளு யாருன்னு முன்னமே எழுதி வைங்க. கடைசியா எறங்குறது ஒரு பொண்ணு தனியான்னு வரப்பிடாது.

டான்ஸ் கேம் வைக்கீங்கன்னா கைய பிடிச்சு இழுத்து மேடைக்கு கொண்டு வராதீங்க. போட்டோ எடுத்தா ஆபீஸ் குரூப்லயே கேட்டுட்டு போடுங்க, இன்ஸ்டாலயும் ஸ்டேட்டஸ்லயும் வேண்டாம். போன தடவ எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு ஸ்டேட்டஸ் வச்சு, அத எங்க தெருவுல ஒரு மாமி பாத்து, எங்கம்மாட்ட வந்து "மக பார்ட்டில ஆடுதாளாமே"ன்னு கேட்டு, நான் ஆடுனது லெமன் ஸ்பூனுக்கு ஓடுனதுதான்னு புரிய வைக்கதுக்குள்ள பொங்கல் வந்துட்டு.

வெட்டூர்ணிமடம் அக்கா:

சேல்ஸ் அண்ணாச்சிக்கு ஒரு பதில். நீங்க சொல்லுத காலம் நானும் பாத்திருக்கேன், அன்னைக்கு டீம்ல பொம்பளைங்களே இல்ல, அதனால கஷ்டம் யாருக்குன்னு தெரியல. இப்ப காரியம் வேற. 2013ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டத்துல பணியிடம்னா ஆபீஸ் கட்டடம் மட்டும் இல்ல, வேல சம்பந்தமா போற எந்த எடமும், கம்பெனி ஏற்பாடு பண்ணுன வண்டியும் சேத்தி. ரிசார்ட்டும் ஆபீஸ்தான், ராத்திரி பதினோரு மணி வேனும் ஆபீஸ்தான். பத்து பேரும் அதுக்கு மேலயும் உள்ள எடத்துல உள்ளக புகார் குழு இருக்கணும், புகார மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். "பார்ட்டில சும்மா வெளையாட்டுக்கு சொன்னேன்"ங்கது அந்த குழு முன்னால எடுபடாது.

குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதுக்கும் கணக்கு இருக்கு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல போனா மொதல் தடவைக்கே 10,000 ரூபா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் வரலாம். டிப்ளமோ முடிச்சு நேரா வேலைக்கு சேந்த பிள்ளைய உண்டுன்னா அதுல சிலதுக்கு 21 ஆகிருக்காது, நம்ம மாநிலத்துல அதுக்கு கீழ உள்ளவங்களுக்கு சரக்கு குடுக்கப்பிடாது. பில்லு கம்பெனி பேருல வந்தா கேள்வி மேனேஜருக்குத்தான் வரும், அத மட்டும் அவருட்ட மெல்ல சொல்லி வை, மிச்சத்த அவரே யோசிச்சுக்கிடுவாரு. குடிக்கணும்னு உள்ள ஆளுக பார்ட்டி முடிஞ்ச பெறகு அவிய காசுல, அவிய எடத்துல போவட்டும், அதுல நமக்கு என்ன வழக்கு.

முட்டம்னு சொன்னதால இன்னொன்னு, கடலுக்குள்ள யாரையும் எறங்க விடாத. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்க கடல்ல மூழ்கி செத்துப் போனாவளே, கல்யாணத்துக்கு வந்த பிள்ளைய. வெளியூரு ஆளுக்கு நம்ம கடலோட போக்கு தெரியாது, மெட்ராஸ்காரரு பாறையில ஏறி செல்ஃபி எடுக்கணும்பாரு, நீ உள்ளூர்க்காரன், நீதான் தடுக்கணும்.

கோணம் பய:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு மேனேஜர்ட்ட தனியா பேசுனேன், அந்த இருபது நாப்பது கணக்கு சொன்ன ஒடனே அவரே சிரிச்சுட்டாரு, "எனக்கு யாரும் சொல்லல தம்பி"ன்னாரு. பகல் பன்னெண்டரைக்கு மாத்தியாச்சு. ரிசார்ட் வேண்டாம்னுட்டாரு, ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ஏசி ஹால் பாத்திருக்கோம். தனித்தனியா மெசேஜ் போட்டேன், இதுவரைக்கும் முப்பத்தாறு பேரு வர்றோம்னு சொல்லிட்டாவ, வயித்து வலி அண்ணனும் சேத்தி.

இன்னும் ரெண்டு சந்தேகம். மேனேஜருக்கு என்ன கிஃப்ட் குடுக்க? எங்க டீம்ல சிலரு ஆளுக்கு நூறு ரூபா போட்டு பெருசா வாங்கலாம்ங்காவ. அப்பறம் தொடக்கத்துல ஒரு ஜெபம் வைக்கணும்னு சீனியர் ஒருத்தரு சொல்லுதாரு, வைக்கலாமா?

திங்கள்சந்தை தாத்தா:

ரிட்டயர் ஆன ஆளு, சும்மா வாசிச்சுட்டு இருந்தேன், ஜெபம்னு வந்ததால எழுதுதேன். தாராளமா வை, கிறிஸ்மஸ்ல ஜெபம் இல்லாம எப்படி. ஆனா ரெண்டே நிமிஷம்னு கறாரா சொல்லிரு, யாரு பண்ணணும்னும் முன்னமே சொல்லிரு. நாங்க ஒரு வருஷம் அத சொல்லாம விட்டு, ஒரு சகோதரர் மைக்க வாங்குனவரு ஆதியாகமத்துல தொடங்கி மேய்ப்பருக்கு வர்றதுக்குள்ள பிரியாணி ஆறி, தயிர் பச்சடி பொங்கி, பின்னால உக்காந்த சாமி ஒருத்தரு ஒறங்கியே போயிட்டாரு. ஒரு கேரல் பாட்டு, ஒரு சின்ன ஜெபம், கேக், சாப்பாடு. பிரசங்கம் ஞாயித்துக்கெழம கேட்டுக்கிடலாம். நிக்க விருப்பம் இல்லாதவிய உக்காந்திருக்கட்டும், யாரும் திரும்பி பாக்க வேண்டாம்.

கிஃப்டுக்கு காசு பிரிக்காத. பெரிய ஆளுக்கு கீழ உள்ளவன் காசு போட்டு குடுக்கது பழக்கமாச்சுன்னா அடுத்த வருஷம் நூறு இருநூறாகும், இல்லாதவன் கடன் வாங்கி போடுவான். சீட்டுல எல்லாருக்கும் ஒரே அளவுன்னு வச்சிருப்பீங்கல்லா, அதுக்குள்ளயே வாங்கு. மெட்ராஸ்காரருன்னா நேந்திரங்கா சிப்ஸ் ஒரு பாக்கெட், மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில், சந்தோஷமா கொண்டு போவாரு. மார்த்தாண்டத்து தேனுக்கு புவிசார் குறியீடும் கெடச்சிருக்கு, அதையும் சொல்லி குடு.

வசன காலண்டர் குடுக்கிற ஆளுக எல்லா வருஷமும் உண்டு. எங்க பக்கத்து வீட்டு இந்து குடும்பம் அத வருஷா வருஷம் கேட்டு வாங்கி அடுக்களையில மாட்டும், தேதி பெருசா தெரியும்னு. ஆனா ஆபீஸ்ல சீட்டு எடுத்து வந்த பேருக்கு அத குடுக்கது வேற, அவரா கேட்டா குடுக்கலாம். டியோடரன்டு, எடை பாக்குற மிஷின், வழுக்கைக்கு எண்ணெய் இந்த மாதிரி கேலி கிஃப்டும் வேண்டாம், நாப்பது பேரு முன்னால பிரிக்கும்போது வாங்குனவன் மொகத்த பாக்க முடியாது.

பழைய சேல்ஸ் ஆளு:

சரி மக்கா, ஒத்துக்கிடுதேன், ஆனா கேம்ஸாவது நல்லா வைங்கலே. மியூசிக்கல் சேர் மட்டும் வச்சு முடிச்சிராதீங்க.

கருங்கல் பிள்ள:

அண்ணே, உங்கள நாங்க கேம்ஸ் நடத்த கூப்பிடுதோம், மைக்கு உங்க கையில, ஆனா ஜோக்கு ஒண்ணு ரெண்டு மொதல்ல எங்கள்ட்ட சொல்லி காட்டணும்.

வெட்டூர்ணிமடம் அக்கா:

தம்பி, டிரைவர், செக்யூரிட்டி, ஆபீஸ் கூட்டுற அக்கா, ஹவுஸ் கீப்பிங் பிள்ளைய எல்லாரும் அந்த நாப்பதுல உண்டா? பெரும்பாலும் விட்டுப் போற பேரு அதுதான். அவியளையும் மேசையில உக்கார வச்சு பரிமாறு, மிச்சம் வந்த பிரியாணிய பொட்டலம் கெட்டி குடுத்து கணக்க முடிக்காத. நீ ஏற்பாட்டுக்காரன், நீ சாப்ட உக்காரும்போது மணி மூணாகும், அதனால காலையில வீட்ல நல்லா சாப்ட்டுட்டு போ. முட்டை இல்லாத கேக்குக்கு இன்னைக்கே பேக்கரில சொல்லிரு, டிசம்பர் இருபது தாண்டுனா ஒருத்தனும் ஆர்டர் எடுக்க மாட்டான்.